கைக்கெட்டும் தூரத்தில் இரக்கம்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிநூலில், சண்டையைப் பற்றிய அத்தியாயத்தில், பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு விதி இருக்கிறது. எதிரியின் உயிர்ப்புள்ளிகளைத் தீர்க்கும் கடைசி அடி நெருங்கி நின்று போட்ட அடியாக இருந்தால், அடித்தவர் விரும்பினால் அவனைக் கொல்லாமல் மயங்கி விழச் செய்யலாம். முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. அடி விழும் அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கலாம். கையில் இருப்பது வாளா, கோடரியா, தண்டாயுதமா, வெறும் முட்டியா என்று விதி பார்ப்பதில்லை. வில்லாளிக்கு மட்டும் இந்த வாய்ப்பு கிடையாது. அம்பு தைத்து உயிர்ப்புள்ளி தீர்ந்தால், பொதுவாக எதிரியின் கதை முடிந்தது. கொல்லும் உரிமையை எல்லா ஆயுதங்களுக்கும் வழங்கிய நூல், கொல்லாமல் விடும் உரிமையைக் கைநீளத்துக்குள் நிறுத்திக்கொண்டது. இரக்கத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மனிதர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கும் ஒன்றை இந்த விதி தொட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த உறவை அடிக்கணக்கில் அளந்ததில்தான் அது தவறுகிறது.

அமெரிக்காவில் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் 'டஞ்சன் மாஸ்டர்'. உலகத்தையும் அதிலுள்ள எதிரிகளையும் அவர் பேசி நடத்துகிறார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகிறார்கள். முயற்சி பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்கிறது. பாத்திரத்தை உருவாக்கும்போதே எழும் கேள்வி, தூரத்திலிருந்து தாக்குபவனா, நெருங்கிச் சண்டையிடுபவனா என்பது. வழக்கமாக இதை எண்களைக் கொண்டு தீர்த்துக்கொள்கிறார்கள். நெடுவில் 150 அடிவரை தடையின்றி எய்யும். குறி சற்றுத் தடுமாறினால் பரவாயில்லை என்றால் 600 அடிவரை போகும். விற்பயிற்சியைத் தேர்ந்துகொண்ட வீரனுக்கு ஒவ்வொரு எய்தலிலும் கூடுதலாக 2 புள்ளி உண்டு. வில்லுக்கு வேண்டிய சுறுசுறுப்பே எதிரியின் அடியிலிருந்து தப்பவும் சண்டையில் முந்திக்கொள்ளவும் உதவுகிறது. இருகை வாளேந்தியவன் ஓர் அடியில் அதிகம் சேதம் செய்யலாம். ஆனால் எதிரியிடம் போய்ச் சேர்வதற்குள் அவன் எத்தனை அடி வாங்குவான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மொத்தத்தில் வில்லாளியின் பக்கமே தட்டு தாழ்கிறது. கொல்வது மட்டுமே அளவுகோல் என்றால் இத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் விதிநூல் நெருங்கி நிற்பவருக்கென்றே ஒதுக்கிவைத்திருப்பவை எவை என்று பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. ஒன்று, மேலே சொன்ன உயிர்ப்பிச்சை. இரண்டாவது, காவல். எதிரி தன் பக்கத்திலிருந்து நழுவிப் போகும்போது அவன்மேல் ஓர் அடி போடும் வாய்ப்பு நெருங்கி நிற்பவருக்கே உண்டு. அதனால்தான் வாளேந்தி ஒருவன் வாசலில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள். தோழன்மேல் விழும் அடியைக் கேடயத்தால் தடுக்கும் பயிற்சியைப் பயன்படுத்தவும் அந்தத் தோழனிடமிருந்து 5 அடிக்குள் நிற்க வேண்டும். மூன்றாவது, குணமாக்குதல். தொட்டுக் குணமாக்கும் முதல்நிலை மந்திரத்துக்கு எட்டு முகப் பகடை. 60 அடி தூரத்திலிருந்து சொல்லால் குணமாக்கும் மந்திரத்துக்கு நான்கு முகப் பகடை. பாலடின் என்னும் அறவீரனின் குணமாக்கும் கை தொட்டால்தான் வேலை செய்யும். தன் தெய்வத்தின் ஒளியை ஆயுதத்தில் ஏற்றி அவன் அடிப்பதும் நெருங்கிய சண்டையில்தான். சாவை எவ்வளவு தொலைவிலிருந்தும் அனுப்பலாம். காப்பதற்கும் ஆற்றுவதற்கும் விட்டுவிடுவதற்கும் பக்கத்தில் போயாக வேண்டும், அல்லது பக்கத்தில் போனால்தான் முழுதாகச் செய்ய முடியும்.

இதில் தத்துவம் எங்கே இருக்கிறது, இது வெறும் சமநிலை ஏற்பாடு என்று ஒருவர் மறுக்கலாம். வில்லாளிக்கு ஏற்கெனவே பாதுகாப்பான தூரம் இருக்கிறது. வாள்வீரனுக்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டாமா? மறுப்பில் நியாயம் உண்டு. இந்த விளையாட்டே 1971இல் வந்த 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டிலிருந்து கிளைத்தது. சின்னஞ்சிறு படைப் பொம்மைகளை மேசைமேல் நகர்த்தி, அம்பு எத்தனை அங்குலம் பாயும் என்று அளந்தவர்கள் அறநூல் எழுத உட்காரவில்லை. ஆனால் ஈடுகொடுப்பதுதான் நோக்கம் என்றால் கூடுதல் சேதம், கூடுதல் கவசம் என்று எதை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். பிழைக்கவிடும் உரிமை போர்க்கணக்கில் யாருக்கும் பெரிய ஆதாயம் தருவதில்லை. கைதியைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிவது பெரும்பாலும் தொல்லை. எனவே அது ஈடாக வந்திருக்க முடியாது. வாளைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியால் மண்டையில் தட்டுவதை மனம் எளிதாகக் கற்பனை செய்கிறது. பாதி வழியில் அம்பு மனம் மாறுவதை யாராலும் கற்பனை செய்ய முடிவதில்லை. 2024இல் விதிநூலைத் திருத்தி எழுதியபோது எத்தனையோ மாறின. மயங்கியவனுக்கு ஒரு புள்ளி உயிர் மிஞ்சும் என்று இந்த விதியின் வடிவமும் மாறியது. ஆனால் நெருங்கிய அடிக்கு மட்டும் என்ற வரம்பு அப்படியே நின்றது. அறம் பேசும் எண்ணமே இல்லாதவர்கள் எழுதி, அறம் பேசும் எண்ணமே இல்லாதவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்று, வேண்டுமென்றே சொல்லப்பட்ட போதனையைவிட நம்பத்தக்க சாட்சி என்பேன்.

வில்லைப் பற்றிய பழைய குற்றச்சாட்டு ஒன்றை இங்கே விலக்கிவிட வேண்டும்: தூரத்திலிருந்து தாக்குபவன் கோழை என்பது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் எழுதிய 'ஹெராக்ளிஸ்' நாடகத்தில் இதே விவாதம் மேடையேறியது. ஹெராக்ளிஸ் கேடயம் பிடித்து நின்றதே இல்லை, ஓடத் தோதான வில்லைத்தான் நம்பினான் என்று கொடுங்கோலன் லைக்கஸ் இகழ்கிறான். ஆம்பிட்ரியன் என்ற முதியவர் பதில் சொல்கிறார்: ஈட்டிவீரன் தன் ஆயுதத்துக்கு அடிமை; ஈட்டி முறிந்தால் தீர்ந்தான்; வரிசையில் பக்கத்தில் நிற்பவன் கோழையாக இருந்தால் அந்தக் கோழைத்தனத்துக்கு இவன் உயிரைக் கொடுக்க வேண்டும்; வில்லாளியோ தன் உடலை எதிரிக்குக் காட்டாமலே அவனைத் தாக்குகிறான், அதுவே அறிவு. முதியவர் சொல்வது சரி. அடி வாங்க வாய்ப்பில்லாத இடத்தில் நிற்பது தவறு என்றால் கவசம் அணிவதும் தவறாகிவிடும். 1139இல் இரண்டாம் லாட்டரன் சங்கம் வில்லையும் குறுக்குவில்லையும் தடைசெய்தபோது, கிறித்தவர்கள்மேல் எய்யக்கூடாது என்றுதான் தடைசெய்தது. யாரை மனிதனாகக் கண்டார்களோ அவனை மட்டும் அந்த ஆயுதத்திலிருந்து காக்க நினைத்தார்கள். வீரம் குறைவு என்பது அங்கே பிரச்சினையாக இருந்ததாகத் தோன்றவில்லை.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள் வருகின்றன; இந்தக் கேள்வியோடு படிக்கும்போது அவை சேர்ந்தே நிற்கின்றன. 772ஆம் குறள் முயலை வீழ்த்திய அம்பையும் யானையைத் தவறவிட்ட வேலையும் ஒப்பிட்டு, வேலை உயர்த்துகிறது. வில்லைத் தாழ்த்தும் குறள் என்று இதை எடுத்துக்கொள்வது பிழை; எறிந்த வேலும் தூரத்து ஆயுதமே, குறளின் கவனம் எதிரியின் அளவில் இருக்கிறது. 773ஆம் குறள்தான் நம் கேள்விக்குள் நேராக வருகிறது. பகைவர்மேல் காட்டும் கண்ணோட்டமற்ற மறத்தை ஆண்மை என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பகைவனுக்குத் தாழ்வு வந்தபோது அவனுக்கு உதவுவதை அந்த ஆண்மையின் கூர்மை என்கிறது. ஆயுதத்தின் கூர் இரக்கத்தில் இருக்கிறது என்று சொல்லத் துணிந்த குறள் அது. பரிமேலழகர் இதற்குக் காட்டும் உதாரணம், படையெல்லாம் இழந்து தனித்து நின்ற இராவணனை இராமன் இன்று போய் நாளை வா என்று விட்டது. இங்கே என் வாதத்துக்கு ஒரு சிக்கல் வருகிறது. இராமன் வில்லாளி. விளையாட்டின் விதிப்படி அவனுக்கு அந்த உரிமையே கிடையாது. உயிர்ப்பிச்சைக்குத் தமிழ் உரைமரபு தேர்ந்தெடுத்த சிறந்த சாட்சி தூரத்திலிருந்து எய்பவன் என்றால், தூரத்துக்கும் இரக்கத்துக்கும் உறவு உண்டு என்று எப்படிச் சொல்வது?

அதே இராமன், அதே வில்லோடு வாலியின் முன் என்ன செய்தான் என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. மறைந்து நின்று எய்தான். கம்பனில் வாலி தன் மார்பில் தைத்த அம்பைப் பிடித்து, அதில் பொறித்த பெயரைப் படித்துத்தான் எய்தவன் யார் என்று அறிகிறான். பிறகு அவன் தொடுக்கும் கேள்விகள் தமிழ்நாட்டுப் பட்டிமன்றங்களில் இன்றுவரை ஓயவில்லை. பலரும் இராமன் சொல்லும் பதில்களையே எடை போடுகிறார்கள். எனக்கு இலக்குவன் சொல்லும் பதில்தான் எல்லாவற்றிலும் நேர்மையானதாகவும் அச்சுறுத்துவதாகவும் தெரிகிறது. உன் தம்பி முதலில் வந்து சரண் புகுந்துவிட்டான். அண்ணன் எதிரே வந்து நின்றிருந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய். அதனால்தான் மறைந்து நின்று எய்தான் என்கிறான் அவன். நியாயமாகச் சொல்லப்பட்டதா, சப்பைக்கட்டா என்பதை விடுவோம். மறைவிடம் எதற்குப் பயன்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எதிரில் நின்றால் ஒரு வேண்டுகோள் எழும். எழுந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேண்டுகோள் பிறக்கவே இடமில்லாமல் செய்தது மறைவு. இராவணன் விஷயத்தில் அம்பு நின்று சொல் போனது. வாலி விஷயத்தில் அம்பு போன பிறகே சொல் வந்தது. இரண்டு களங்களிலும் எத்தனை அடி தூரம் இருந்தது என்பது பொருட்டே இல்லை. எதிரில் இருப்பவன் வாய் திறக்க வழி இருந்ததா என்பதே பொருட்டு.

அப்படியானால் அருகில் நிற்பதே போதாது என்றும் ஆகிறது. விளையாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 'ரோக்' என்னும் மறைந்து திரிபவன் இருட்டிலிருந்து முதுகில் குத்தும்போது எதிரிக்கு மூச்சுக்காற்றுத் தூரத்தில் இருக்கிறான். ஆனாலும் குத்துப்பட்டவன் அவனைப் பார்ப்பதில்லை. 2014 நூலில் 'பார்பேரியன்' கொள்ளும் வெறி நெருங்கிய சண்டையில்தான் சேதத்தைக் கூட்டுகிறது. நெருக்கம் அவனுக்குக் கண்ணை மறைக்கிறது. யூரிப்பிடிஸின் அதே நாடகத்தில், பித்துப் பிடித்த ஹெராக்ளிஸ் தன் குழந்தைகளைத் தன் பகைவனின் குழந்தைகள் என்று எண்ணிக் கொல்கிறான். ஒரு பிள்ளை அவன் காலடியில் விழுந்து, நான் உன் மகன் என்று கெஞ்சுகிறது. வில்லால் எய்ய முடியாத அளவுக்கு அது அருகில் இருந்ததால், ஹெராக்ளிஸ் தண்டாயுதத்தை ஓங்குகிறான். 1994இல் ருவாண்டாவில் அண்டைவீட்டார் அண்டைவீட்டாரை வெட்டுக்கத்தியால் கொன்றபோது இடையில் எந்தத் தொலைவும் இல்லை. பிரெஞ்சில் எழுதிய தத்துவவாதி இமானுவேல் லெவினாஸ், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர், 1961இல் வெளிவந்த தன் நூலில் மற்றவரின் முகமே கொல்லாதே என்ற முதல் கட்டளை என்று வாதிட்டார். கட்டளை பிறப்பது முகத்தில் என்றாலும் அதைக் கேட்காமல் இருக்க மனிதனால் முடியும். அருகாமை அந்தக் குரல் காதில் விழுவதற்கு ஒரு வாய்ப்பு. அதற்குமேல் உத்தரவாதம் எதுவும் இல்லை.

இவ்விடத்தில் விதிநூலின் இன்னொரு விதி நினைவுக்கு வருகிறது. எதிரி 5 அடிக்குள் நின்றால் வில்லாளியின் குறி தடுமாறும். பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே ஏற்க வேண்டும். ஆனால் விதி அதோடு நிற்பதில்லை. அந்த எதிரி அவனைப் பார்க்க முடிந்தவனாக இருக்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. குருடாக்கப்பட்ட எதிரி அருகில் நின்றால் வில்லாளியின் கை நடுங்குவதில்லை. அடிக்கிற கையைத் தட்டிவிட முடிந்தவனைப் பற்றிய நடைமுறை விதிதான் இது. அப்படித்தான் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனாலும் தூரத்தை அடிக்கணக்கில் அளந்துகொண்டே வந்த நூல், இந்த ஓர் இடத்தில் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, பார்க்கும் கண் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறது. உயிர்ப்பிச்சை விதிக்கும் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று தத்துவத்திலிருந்தே வரும். 1971இல் கிழக்கு வங்கத்தில் மக்கள் பட்டினியாலும் நோயாலும் செத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரை, 1972இல் வெளிவந்தது. கண்ணெதிரே குட்டையில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றும் கடமை நமக்கு உண்டென்றால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சாகும் குழந்தைக்கும் அதே கடமை உண்டு. தூரத்துக்கு அறத்தில் எந்த எடையும் இல்லை என்றார் அவர். அப்படியென்றால், வில்லாளியின் எதிரியும் வாள்வீரனின் எதிரியும் சமமானவர்கள். அருகில் இருப்பவனுக்கு இரக்கம், தூரத்தில் இருப்பவனுக்கு அம்பு என்பது வெறும் பார்வைக்கோளாறு. கடமையைப் பற்றி சிங்கர் சொல்வதை நான் முழுதும் ஏற்கிறேன். கடமை குறையாமல் இருப்பதால்தான் தூரம் ஆபத்தாகிறது. கடமை அப்படியே இருக்க, அதை நிறைவேற்றும் வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. வாள்வீரன் கடைசிக் கணம்வரை மனம் மாறலாம். எதிரியின் கண்ணில் பயத்தைப் பார்த்த பிறகும், ஆயுதம் நழுவி விழுந்த ஓசையைக் கேட்ட பிறகும், ஓங்கிய கையைத் திருப்பலாம். வில்லாளி தன் முடிவுகள் அத்தனையையும் நாண் விடுபடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரக்கத்தின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். அதைச் செலவிட வேண்டிய நேரம் வில்லாளிக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. தூரம் இடத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது நேரத்தைப் பற்றியது.

மந்திரக்காரர்களைப் பார்த்தால் இது உறுதிப்படுகிறது. தூரத்தில் இரக்கமே இல்லை என்றால், 2014 நூலில் 90 அடி தொலைவிலிருந்து எதிரிகளைத் தூங்கச் செய்யும் மந்திரம் எப்படி வந்தது? அதே கையில் 150 அடிவரை போய் வெடித்து, 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர் எல்லோரையும் எரிக்கும் நெருப்புருண்டையும் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் சரணடையக் கைதூக்கியவன் நின்றானா என்று நெருப்பு கேட்காது. இரண்டில் எதை எடுப்பது என்ற கணத்தில்தான் மந்திரக்காரனின் இரக்கம் இருக்கிறது. மந்திரம் வாயிலிருந்து வந்த பிறகு அவனுக்குச் செய்ய எதுவும் இல்லை. ஆக, தூரத்துப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர் அறத்தில் கீழானவர் அல்லர். கடினமான அறத்தைத் தேர்ந்திருக்கிறார். அது கடினமானது என்பதை விளையாட்டு அவருக்கு நினைவூட்டுவதில்லை.

சில மேசைகளில் இந்த விதியைத் தளர்த்தி, அம்பாலும் மயக்கமுறச் செய்யலாம் என்று விடுகிறார்கள். காலில் எய்தேன் என்று சொன்னால் போதும். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. எய்த பின் மனம் மாறும் சலுகை வில்லாளியிடமிருந்து அவருக்கே உரிய பொறுப்பைப் பறித்துவிடுகிறது. அதற்கு விதிநூலில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. தன் முறையில் உடனே தாக்காமல், இன்னது நடந்தால் தாக்குவேன் என்று காத்திருக்கலாம். இப்படிக் காத்திருந்து எய்பவர், அனுபவம் மிக்க வீரராக இருந்தாலும், 2014 விதிப்படி ஓர் அம்புதான் விட முடியும். தன் முறையிலேயே எய்திருந்தால் கிடைத்திருக்கும் இரண்டாவது அம்பை அவர் இழக்கிறார். எதிரி ஓடிப்போய் மற்றவர்களை எழுப்பிவிடவும் கூடும். பாலத்தின் மறுமுனையில், 120 அடியில், காவல் நிற்கும் கோப்ளின் என்னும் ஒரு குட்டிப் பூதம். வில்லாளியாக விளையாடுபவர் பகடையைக் கையில் எடுத்து, உருட்டாமல், சொல்கிறார்: "நாணை இழுத்துப் பிடிச்சிருக்கேன். ஆயுதத்தைக் கீழே போடுன்னு கத்துறேன். ஈட்டியைத் தூக்கினாத்தான் விடுவேன்." மேசையில் எல்லோரும் டஞ்சன் மாஸ்டரைப் பார்க்கிறார்கள். அதுவரை ஏழு உயிர்ப்புள்ளியாக மட்டும் இருந்த அந்தக் கோப்ளினுக்கு அவர் இப்போது ஒரு குரலைத் தேட வேண்டியிருக்கிறது.